பவுனுக்கு முடி கொட்டுகிறதா, பவுனே பிடுங்குகிறாளா?

கேள்வி: டாக்டர் அண்ணாச்சிக்கு வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை பவுனுக்கு 4 வயது. வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டு. இரண்டு மாதமாக அடிவயிற்றிலும் பின்தொடையின் உள்பக்கத்திலும் முடியே இல்லை. சவரம் செய்த மாதிரி மழமழவென்று இருக்கிறது. இப்போது வால் முளைக்கும் இடத்திலும் மெலிந்து வருகிறது. புண் எதுவும் இல்லை. சொறிந்தும் நாங்கள் பார்த்ததில்லை. நன்றாகத் தின்கிறாள். உடம்புச் சூடுதான் என்று என் மாமியார் தயிர்ச்சோறு போட்டு, தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் பொடித்துப் போட்டுத் தடவுகிறார்கள். கண்ணூறு பட்டிருக்கும் என்றும் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மதினி, தன் நாய்க்கு உண்ணிக்காக வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது, பாதி போட்டால் போதும் என்கிறாள். என் மகனுக்கு 8 வயது. அவளைக் கட்டிக்கொண்டுதான் பாயில் தூங்குவான். முடி பையன் வயிற்றுக்குள் போய்விடும், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடு என்று வீட்டுக்காரர் நச்சரிக்கிறார். என்ன செய்ய?
ஒரு வாசகி, பத்தமடை

பதில்: தங்கச்சி, முதலில் அந்தச் சொட்டு மருந்தைப் பேசிவிடுவோம். போடாதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். மதினியிடம் பெட்டியை வாங்கி, மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் அது நாய்க்கு மருந்து, பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வேலையை நாயின் கல்லீரல் செய்துவிடும்; பூனையின் கல்லீரலுக்கு அந்த வசதி போதாது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், அப்புறம் வலிப்பு. அப்படி வந்த பூனைகளில் எல்லாவற்றையும் என்னால் காப்பாற்ற முடிந்ததில்லை. யாராவது தெரியாமல் போட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் உடனே கழுவி, துண்டில் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். மதினி தன் நாய்க்குப் போட்டால்கூட, காயும்வரை பவுனு அதன் பக்கத்தில் போய்ப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட எண்ணெயையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அத்தை பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பூனையின் உடம்பில் எதைத் தடவினாலும் அது அரை மணி நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். நாம் தடவுவதாக நினைத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருக்கிறோம். தேங்காய் எண்ணெய் போனால் கொஞ்சம் வயிற்றால் போகும், அவ்வளவுதான். சூடம் அப்படியில்லை, தோல் வழியாகவும் ஏறும், நக்கினாலும் ஏறும். மண்ணெண்ணெய், பினாயில், வேப்பெண்ணெய் எல்லாம் அதே கணக்கில்தான். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்பார்கள். அதை உடம்பெல்லாம் பூசி, வாயில் நுரையும் எச்சிலும் வடிய, நடுங்கிக்கொண்டு வந்த ஒரு பூனையை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், பூனை சுணங்கிப் படுத்தால் நமக்குப் போடும் காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று போதும், ஒரு வளர்ந்த பூனையைக் கொல்ல.

சரி, பவுனுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது “சவரம் செய்த மாதிரி” என்ற சொல். முடி தானாகக் கொட்டுகிற பூனை அப்படி இருக்காது. பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், தேங்காய்த் துருவி மாதிரி சொரசொரவென்று இருக்கும். பின்பக்கமாக வளைந்த முள்கள் அதில் வரிசையாக உண்டு. விழித்திருக்கும் நேரத்தில் கால்வாசியை அது உடம்பை நக்குவதிலேயே செலவழிக்கிறது. எங்காவது அரிப்போ வலியோ இருந்தால் அதே நாக்கால் அங்கேயே திரும்பத் திரும்ப உழும். முடி வேரோடு வராது, நடுவில் முறியும். நாய் என்றால் ஊர் பார்க்கச் சொறியும். பூனை மானஸ்தன், நாம் தூங்கிய பிறகு, பத்தாயத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நக்கும். அதனால்தான் நீங்கள் பார்த்ததில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். பவுனு மடியில் கிறங்கிக் கிடக்கும்போது, சொட்டையின் ஓரத்தில் விரலை முடிக்கு எதிர்த்திசையில் தடவுங்கள். இரண்டு நாள் சவரம் செய்யாத கன்னம் மாதிரி குத்தினால், முடி அங்கே இருக்கிறது, முறிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஓரத்து முடியில் நாலைந்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். சுலபமாகக் கொத்தாக வந்தால் அது கொட்டுகிற முடி. வராமல் அவள் திரும்பி உங்களை முறைத்தால் நக்குகிற முடி. வந்த ஒன்றிரண்டைக் கறுப்புத் துணியில் வைத்து, கைபேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல முடியின் நுனி ஊசி மாதிரி மெலிந்து முடியும். நக்கியதின் நுனி ஒடித்த ஈர்க்குச்சி மாதிரி மொண்ணையாக இருக்கும். அவள் கக்கும் முடிச்சுருள் சமீபத்தில் கூடியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

நக்குகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். ஏன்?

அடிவயிறு, உள்தொடை, வால் முளைக்கும் இடம் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது தெள்ளுப்பூச்சியை. நம் பக்கத்தில் எல்லாவற்றையும் உண்ணி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்ணி ஒட்டிக்கொண்டு கிடக்கும், கையால் பிடுங்கலாம். தெள்ளு எள்ளைவிடச் சின்னது, தட்டையாக, பழுப்பாக இருக்கும். முடிக்குள் ஓடும், தாவும். அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், பல நாள் அரிக்கும். “ஒரு பூச்சிகூட இல்லையே டாக்டர்” என்று முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். இருக்காதுதான், நக்கும்போதே அதையும் தின்றுவிடுகிறதே! ஆனால் அதன் எச்சம் இருக்கும்.

பேன் சீப்பை எடுத்து இடுப்பிலிருந்து வால்வரை சீவுங்கள். சீப்பில் வருவதை ஈரமான வெள்ளைப் பஞ்சின் மேல் தட்டுங்கள். மிளகுப்பொடி மாதிரி கறுப்புத் துகள் விழுந்தால் ஒரு நிமிஷம் பொறுங்கள். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் எச்சம் என்றால், துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் ஊறிப் பரவும். அது பவுனின் ரத்தம், பூச்சி குடித்துக் கழித்தது. அவள் ஆசனவாயைச் சுற்றியோ, படுத்த இடத்திலோ காய்ந்த அரிசிமணி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளைத் தின்பதால் வருவது.

நான் வேலைக்கு வந்த புதிதில் இந்தப் பஞ்சு வைத்தியத்தைச் செய்யாமல் அசிங்கப்பட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு வீடு. மகளுக்குக் கல்யாணமாகிப் போன மாதத்திலிருந்து பூனை வயிற்றை நக்கி நக்கிச் சொட்டையாக்கிவிட்டது. வீட்டில் எல்லாரும் “ஏக்கம் டாக்டர்” என்றார்கள், நானும் ஏக்கம் என்றேன். மூன்று மாதம் அந்த ஏக்கத்துக்கு மருந்து கொடுத்தேன். கடைசியில் அந்த வீட்டு ஆச்சி, கையில் இருந்த பேன் சீப்பால் பூனையைச் சீவி, “தெள்ளு கிடக்கு, தம்பி” என்று என்னிடம் நீட்டினார்கள். 2006-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனக்கோளாறால் முடியை நக்கிக்கொள்கின்றன என்று முடிவுகட்டி அனுப்பப்பட்ட 21 பூனைகளை முழுதாகச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடம்பில்தான் காரணம் இருந்தது. மனக்கோளாறு மட்டுமே என்று சொல்லும்படி இருந்தவை 2. மிச்சம் 3-க்கு இரண்டும் சேர்ந்து. எனக்கு அதைப் படித்தபோது ஆச்சி முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இப்போது உங்கள் பாய். பத்தமடைக்காரருக்குக் கோரைப்பாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெள்ளு பூனையின் மேல்தான் முட்டையிடும், ஒரு நாளைக்கு 40, 50 என்று. ஆனால் அந்த முட்டை ஒட்டாது. வழுக்கி, பூனை படுத்த இடத்தில் உதிரும். பாயில் படுத்தால் கோரைக்கும் கோரைக்கும் நடுவே இறங்கித் தரை இடுக்கில் போய்ச் சேரும். புழுவாகி, வெளிச்சத்துக்கு ஒளிந்து, பெரிய தெள்ளு கழித்த ரத்தத்துகளைத் தின்று வளர்ந்து, கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. நம் ஊர்ச் சூட்டுக்கு மூன்று, நாலு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். சில கூடு மாதக்கணக்கில் அப்படியே காத்துக் கிடக்கும். பூனைமேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். பெரும்பங்கு வீட்டுத் தரையில், தார்சாவிலும் பட்டாசலிலும் கிடக்கிறது.

அதனால் வைத்தியம் பூனைக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி. பூனைக்கென்றே பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன: ஃபிப்ரோனில், செலமெக்டின். பவுனை எடைபோட்டு மருத்துவர் கொடுப்பதை மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம் விடாமல் போடுங்கள். பூச்சி கண்ணில் படவில்லை என்று முதல் மாதத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் மூன்றாம் மாதம் என்னைத் திட்டிக்கொண்டு வருகிறார்கள். மதினி வீட்டு நாய்க்கும் அதே நாளில் அதற்கான மருந்து போட வேண்டும்; இல்லையென்றால் சுவர் தாண்டி வந்துகொண்டே இருக்கும். பாயையும் தலையணையையும் உதறி, வெயில் வந்த நாளெல்லாம் மொட்டைமாடியில் இரண்டு பக்கமும் காயப்போடுங்கள். திருநெல்வேலி வெயிலைத் திட்டாமல் ஓர் உபயோகத்துக்கு வைத்துக்கொள்வோம். முட்டையும் புழுவும் காய்ந்து சாகும். இப்போது கார்த்திகை ஈரம், அதுதான் தெள்ளுக்குக் கொண்டாட்டம். துணியை வெந்நீரில் அலசுங்கள். தினம் வாரியலால் மூலைமுடுக்கைக் கூட்டி, குப்பையை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே கொட்டுங்கள். வீட்டில் 8 வாரம்கூட ஆகாத குட்டி ஏதாவது இருந்தால் அதற்குச் சொட்டு மருந்து வேண்டாம், சீப்பு மட்டும்.

பையன் கட்டிப் படுப்பதால் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: படர்தாமரை. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. பெயரில் நாய் இருந்தாலும் பூனையிடம்தான் அதிகம். இது பெரும்பாலும் முகம், காது, முன்கால் பக்கம் வட்டவட்டமாக முடியை ஒடித்து, சாம்பல் மாதிரி செதில் விடும். பவுனுக்கு நீங்கள் சொன்ன இடங்கள் அப்படிப் படவில்லை. ஆனாலும் பையனின் கழுத்து, கை, வயிற்றில் சிவந்த வளையம் இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றிப் பாருங்கள். இருந்தால் அவனுக்குத் தோல் மருத்துவர், அவளுக்குக் கால்நடை மருத்துவர், இரண்டும் ஒரே வாரத்தில். பூனைக்குப் புற ஊதா விளக்கு அடித்து, முடி ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள்; ஒளிராவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. முடியை எடுத்துப் பூஞ்சை வளர்த்துப் பார்க்க இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். குணமாகும், வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும். நெல்லையில் இப்போது வீட்டுக்கு வீடு பெர்சியன் கலப்புப் பூனை வளர்க்கிறார்கள். அவற்றில் சிலது ஒரு முடிகூட உதிராமல் இந்தப் பூஞ்சையைச் சுமந்துகொண்டிருக்கும். அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், யார் சொல்கிறார்கள்?

இந்த இடத்தில்தான் மருந்துக்கடைக் களிம்பும் வருகிறது. படர்தாமரைக்கென்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டு நாளில் சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் அடியில் சுகமாகப் பரவும். பையனுக்கும் போடாதீர்கள். பவுனு எப்படியும் அதை நக்கித் தின்பாள். ஒரே ஊசியில் முடி வந்துவிடும் என்று யாராவது நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னாலும், காரணம் தெரியாமல் சம்மதிக்க வேண்டாம். முடி வரும்தான். அரிப்பு ஒரு மாதம் தூங்கும், அப்புறம் எழுந்திருக்கும். திரும்பத் திரும்பப் போட்ட பூனைகளில் சர்க்கரை நோய் வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

தெள்ளும் இல்லை, பூஞ்சையும் இல்லை என்றால்? அடிவயிற்றை மட்டும் நக்குகிற பூனைக்குச் சில சமயம் தோலில் ஒன்றுமே இருக்காது; உள்ளே மூத்திரப்பை வலிக்கும். ஒரு கடுவன் பூனைக்கு, என்னிடம் வருமுன், ஆறு வாரம் களிம்பு தடவியிருந்தார்கள். ஸ்கேன் எடுத்தால் பையில் கல். பவுனு அடிக்கடி போய் மண்ணைத் தோண்டி உட்கார்ந்து, துளித்துளியாகப் போகிறாளா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கடுவன் பூனை முக்கியும் சொட்டுக்கூடப் போகவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அன்று ராத்திரியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். காது விளிம்பிலும் முகத்திலும் பொருக்குத்தட்டி, வெறிபிடித்த மாதிரி சொறிந்தால் அது சொறிப்பூச்சி, செலமெக்டினுக்கு அடங்கும். 10 வயது தாண்டிய பூனை ஓயாமல் தின்றும் மெலிந்து, முடி கலைந்து கிடந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். உணவு ஒவ்வாமையும் உண்டு. அதற்கு ரத்தச் சோதனையை நம்பாமல், இதுவரை தின்னாத ஒரே வகைக் கறியை 8 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி மெலிந்திருப்பது எல்லாப் பூனைக்கும் உள்ளது, அதற்காக யாரும் பஸ் ஏற வேண்டாம்.

பவுனு வெள்ளைக்காரி என்பதால் ஒரு வார்த்தை. காது நுனி சிவந்து, முடி உதிர்ந்து, பொருக்கு ஆறாமல் இருந்தால் வெயில் புண் என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளைக் காதில் அது வருஷக்கணக்கில் புற்றாக மாறும். சித்திரை, வைகாசியில் உச்சிப்பொழுதுக்கு அவளை உள்ளே போட்டுவிடுங்கள்.

தயிர்ச்சோறு சூட்டைத் தணிக்கும் என்பது அத்தைக்கு. பவுனுக்கு அது பட்டினி. பூனை கறி தின்னப் பிறந்தது. டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் உண்டு. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். புரதம் குறைந்தால் முடிக்கு ஏது வலு? சாளையோ நெத்திலியோ கோழியோ வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள், சத்தில் பாதி அதில்தான் இறங்கியிருக்கும். தினமும் வெறும் மீனாகவே போடாமல் மாற்றிக் கொடுங்கள். குழம்பில் கிடந்த மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: வயிற்றுக்குள் போன ஒன்றிரண்டு பூனை முடி, வந்த வழியே வெளியே போய்விடும். பூனையால் சிலருக்குத் தும்மலும் இழுப்பும் வருவது உண்மை. ஆனால் அது முடியால் இல்லை, அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால். பையனுக்கு நாலு வருஷமாக அது வரவில்லையே. நாடாப்புழு பயம் இருக்கிறது என்றால், அது பையனுக்கு வர அவன் தெள்ளை விழுங்க வேண்டும்; தெள்ளை ஒழித்தால் அந்தக் கவலையும் போச்சு. மூன்று மாதம் மட்டும் அவனைத் தனிப் பாயில் படுக்கச் சொல்லுங்கள். கேட்க மாட்டான், சொல்லிப் பாருங்கள். கண்ணூறுக்கு அத்தை வத்தலைச் சுற்றி அடுப்பில் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. புகை போகும்வரை பவுனு முற்றத்தில் இருக்கட்டும்.

திருநெல்வேலி பக்கத்தில் ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். கட்டைப்பையில் போட்டுப் பஸ்ஸில் தூக்கி வராதீர்கள், டவுனுக்குள் நுழையுமுன் கிழித்துக்கொண்டு இறங்கிவிடுவாள். இரண்டு பிளாஸ்டிக் கூடையை வாய்க்கு வாய் கவிழ்த்து, நாலு பக்கமும் கயிற்றால் இறுக்கி, உள்ளே பையனின் பழைய சட்டையைப் போட்டு, மேலே ஒரு துண்டை மூடுங்கள். சீப்பில் கிடைத்ததைத் தாளில் பொட்டலமாக மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். களிம்புக் குழாயும் கூடவே போகட்டும். போகிற நாளுக்கு முன் குளிப்பாட்ட வேண்டாம், தடயமெல்லாம் கழுவிப் போய்விடும்.

இன்று அவளை மல்லாத்திப் போட்டு அடிவயிற்றை ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் ஞாயிறுதோறும் ஒன்று. நக்குவது நின்றால் இரண்டு வாரத்தில் வெல்வெட் மாதிரி மெல்லிய முடி தெரியும். மாசிக்குள் வயிறு மூடிவிட வேண்டும். மூடவில்லை என்றால் அந்தப் படங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.